உப்பு மாவு ஒரே நாளில் பிசுபிசுன்னு ஆயிடுது: கடலோரத்துல என்ன செய்யலாம்?

நெய்தல்வீடு:

நாகப்பட்டினம். வீட்டில் ஒன்றே முக்கால் வயசுப் பையன், ஐந்து வயசுப் பெண். விளையாட்டு மாவு வீட்டிலேயே கிண்டுகிறேன். அளவு இதுதான்: மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கரைத்து, அடுப்பில் உருண்டு திரளும்வரை கிளறி இறக்குகிறேன். அன்றைக்கு அருமையாக இருக்கிறது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் கையில் அப்பிக்கொள்கிறது. மைதா தூவிப் பிசைந்தால் அரை மணி நேரம் சரியாக இருக்கும், பிறகு பழைய கதைதான். கோடையில் இந்த அளவுக்கு மோசமில்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்துதான் இப்படி.

கூடவே நான்கு சந்தேகம். சங்குப்பூத் தண்ணீர் ஊற்றினால் நீலம் வராமல் ஊதாவாகிறது, ஏன்? பெரியவளுக்குச் சாயம் போட்டு வைத்த அரிசியில் வண்டு வந்துவிட்டது, மூடி இறுக்கமான டப்பாதான். சின்னவன் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான், அவனுக்கு என்ன கொடுக்கலாம்? தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கலர் ஜெல் மணிகள் கடையில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், அதை வாங்கலாமா?


மாவுக்கணக்கு:

முதலில் டப்பா மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நீர்த்துளி இருந்தால், சூடு ஆறாமல் மூடியிருக்கிறீர்கள். ஆவி குளிர்ந்து மாவின் மேலேயே சொட்டுகிறது. மாவை நடுவில் பிளந்து தொட்டுப் பார்த்து, உள்ளேயும் சூடில்லை என்றால்தான் மூட வேண்டும். பெரிய உருண்டை ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டையாகத் தட்டிப் போட்டால் இருபது நிமிடம்.

துளி இல்லாமல் மாவின் மேல்பகுதி மட்டும் பிசுபிசுத்தால், அது உப்பின் வேலை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அடைமழைக் காலத்தில் கடலோரக் காற்று பெரும்பாலான நேரம் அதற்கு மேல்தான். உப்பு ஜாடி கசிகிற அதே நாளில் உங்கள் மாவும் கசியும்.

உங்கள் அளவில் உப்பு கூடுதல், கணக்குப் போட்டாலே தெரியும். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். ஒரு கப், அதாவது 240 மில்லியில், 86 கிராம். அரை கப் தூள் உப்போ 140 கிராமுக்குக் குறையாது. மிச்சம் ஐம்பது கிராமுக்கு மேல் கரையாமல் குருணையாக மாவுக்குள்ளேயே கிடக்கிறது. விரலில் நறநறவென்று படுவது அதுதான், ஈரத்தை இழுப்பதிலும் அது முன்னால் நிற்கும். கால் கப்பாகக் குறையுங்கள், முழுதும் கரைந்துவிடும். கெடாமல் காப்பதற்குத்தான் அவ்வளவு உப்பு என்பார்கள். கால் கப் போட்டால் அந்தக் காப்பு குறையும், ஆகவே ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். மூடியபடியே இருபது நிமிடம் விட்டுத் திறந்தால் சில்லென்ற மாவின் மேல் வியர்க்காது. மாவை விடப் பெரிய டப்பாவும் கூடாது. உள்ளே காலியிடம் எவ்வளவோ அவ்வளவு ஈரக்காற்று.

ஒட்ட ஆரம்பித்த மாவுக்கு மைதா தூவுவது தப்பு. தண்ணீர் அப்படியே உள்ளே இருக்கிறது, வெந்த மாவின் மேல் பச்சை மாவைப் பூசுகிறீர்கள். பச்சை மைதாவில் ஈகோலி, சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு, விரல் சப்பும் பிள்ளைக்கு ஆகாது. வாணலியில் போட்டுச் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்தால் இறக்கி, அரை டீஸ்பூன் எண்ணெய் தொட்டுப் பிசையுங்கள்.

சங்குப்பூ நீலம் புளிப்பு பட்டால் ஊதா, இன்னும் புளித்தால் இளஞ்சிவப்பு. நீங்கள் ஊற்றிய எலுமிச்சைதான் காரணம். நீல உருண்டைக்கு மட்டும் எலுமிச்சையை விட்டுவிடுங்கள், மாவு சற்றுச் சொரசொரப்பாக வரும், அவ்வளவுதான். பீட்ரூட் இதற்கு நேர் எதிர். அதற்கு எலுமிச்சை துணை, அடுப்பு பகை. கொதிக்க விட்டால் பழுப்படிக்கும். மாவு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சாற்றைச் சேருங்கள், சேர்க்கிற அளவுக்குத் தண்ணீரை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். கீரைப் பச்சையும் எலுமிச்சையோடு வேகும்போது காக்கி நிறமாகும். மஞ்சள்தூள் ஒன்றுதான் எலுமிச்சைக்கும் அடுப்புக்கும் அசையாது. ஆனால் சோப்போ சோடா உப்போ பட்டால் சிவக்கும், தரையைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள்.


வாசற்படி:

நெய்தல் அக்கா, மேலே சொன்னது எல்லாம் பெரிய பாப்பாவுக்குச் சரி. சின்னவன் இருக்கிற இடத்துல உப்பு மாவையே எடுக்காதீங்க. உங்க அளவையே கூட்டிப் பாருங்க: மைதா 125 கிராம், உப்பு 140, தண்ணி 240, எண்ணெயும் சாறும் ஒரு 30. ஆகமொத்தம் ஏறக்குறைய 535 கிராம், அதுல கால் பங்குக்கு மேல உப்பு. எலுமிச்சம்பழ அளவு ஒரு உருண்டை 50 கிராம்னு வச்சாலும் உள்ள 13 கிராம் உப்பு இருக்கு. பத்து பதினோரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஆபத்தான அளவு. கரிப்பா இருக்கும், துப்பிடுவான்னு சொல்லுவாங்க. துப்பாத பிள்ளைங்களும் உண்டு. தின்னுட்டு வாந்தி, தாங்காத தாகம், மயக்கம் மாதிரி இருந்தா வீட்டு வைத்தியம் பார்க்காம 108-ஐக் கூப்பிடுங்க. வீட்ல நாய் இருந்தா அதுக்கும் எட்டாம வைங்க.

ஜெல் மணி வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச மணி கடுகு, மிளகு அளவுதான், கட்டிலுக்கு அடியில உருண்டு போனா கண்ணுக்கே தெரியாது. முழுங்கினா குடல்ல ஈரத்தை உறிஞ்சிப் பல மடங்கு பெருத்து அடைச்சுக்கும். சாதாரண எக்ஸ்ரேல தெரியாது, அதனால டாக்டருக்கும் கண்டுபிடிக்க நேரம் ஆகும். பெரியவளுக்குன்னு வாங்கினாலும் அது சின்னவன் இருக்கிற வீடுதானே.

அதே வழுவழுப்பு ஜவ்வரிசியில கிடைக்கும். நைலான் ஜவ்வரிசின்னு கேட்டு வாங்குங்க, சின்ன மணி. மாவு ஜவ்வரிசி கரைஞ்சு கூழாயிடும். ஆறு கப் தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது அரை கப் ஜவ்வரிசியைத் தூவுங்க. கொதிக்கறதுக்கு முன்ன போட்டா அடியில கட்டியா பிடிச்சுக்கும். நடுவுல ஊசிமுனை அளவு வெள்ளைப்புள்ளி தெரியறப்ப அடுப்பை அணைச்சு பத்து நிமிஷம் மூடி வைங்க. வடிகட்டியில கொட்டிப் பச்சைத்தண்ணியில ரெண்டு தடவை அலசி, கால் டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறுங்க. அலசலைன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெரிய கட்டியாகும், அது வாய்க்கு ஆகாது. ஒரு மணியை எடுத்து விரலால அழுத்துங்க, நசுங்கணும். பீட்ரூட் சாறு, மஞ்சள் தண்ணி ஏதாவது ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க. ரெண்டு மணி நேரம் விளையாடினதும் கொட்டிடுங்க.

சப்ஜா விதையும் நல்லாருக்கும். ஒரு மேசைக்கரண்டிக்கு ஒரு கப் தண்ணி, இருபது நிமிஷம். முழுசா ஊறினதை மட்டும் கொடுங்க, காய்ஞ்ச விதை அவன் கைக்கு எட்டவே கூடாது.

மாவுக்குப் பதிலா கொழுக்கட்டை மாவு. இடியாப்ப மாவு ஒரு கப், தண்ணி ஒண்ணேகால் கப், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. தண்ணி நல்லா கொதிக்கும்போதுதான் மாவைக் கொட்டணும். சூடு பத்தலைன்னா மாவு சேராது, விண்டு விண்டு போகும். கிளறி மூடி அஞ்சு நிமிஷம் விட்டு, எண்ணெய்க் கையால பிசைங்க. மைதா மாதிரி இழுபடாது, ஆனா அச்சு பிடிக்கும், முறுக்கு நாழியில பிழியலாம். விளிம்பு வெடிச்சா தண்ணி தொட்டுக்கலாம். கையில இல்லாத மாவு எப்பவும் ஈரத்துணிக்கு அடியில.


திண்ணை:

கொழுக்கட்டை மாவை நானும் பரிந்துரைப்பேன், ஆனால் ஒன்றேமுக்கால் வயதுக்கு ஓர் எச்சரிக்கையோடு. கெட்டியாகப் பிசைந்த அரிசி மாவு வாயில் கரையாது. உருண்டையாக விழுங்கினால் தொண்டையில் அப்பிக்கொள்ளும். உப்பு இல்லை, தின்றால் பரவாயில்லை என்று நம்பி விட்டுவிட்டு நகரக் கூடாது. அவனுக்கு உருண்டையாகக் கொடுக்காமல் சப்பாத்தி போலத் தட்டித் தட்டில் ஒட்டிக் கொடுங்கள். விரலால் குத்தவும், கரண்டிக் காம்பால் கோடு இழுக்கவும் அது போதும். அதைவிட நல்லது, அந்த மாவையே இடியாப்பமாகப் பிழிந்து, அவித்து, ஆறியதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொடுப்பது. இழுப்பான், பிய்ப்பான், பிசைவான். வாய்க்குள் போனாலும் அது சாப்பாடுதான்.

மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுக்க முடியாது. அரிசி மாவு குளிரில் விறைத்துக் கல்லாகும். ஆவியில் மூன்று நிமிடம் வைத்தால் இளகும், ஆனால் பிள்ளைகள் எச்சில் கையோடு பிசைந்த மாவு அது. வெந்த அரிசி வெளியே கிடந்தால் கிருமி பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. கால் கப் மாவில் செய்து அன்றே குப்பையில் போடுவது சிக்கனம்.

அரிசி வண்டைப் பற்றி: அது வெளியிலிருந்து வரவில்லை. வண்டு முட்டையிடுவது அரிசி மணிக்குள்ளே. கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருக்கிறது, டப்பா எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பாகப் பொரிகிறது. சாயம் போடுவதற்கு முன் அரிசியைப் பையில் கட்டி ஃபிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். பிறகு இரண்டு கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வினிகர், கால் டீஸ்பூன் உணவுச் சாயத்தூள், பையைக் கட்டிக் குலுக்கல். மொத்த ஈரம் இரண்டு டீஸ்பூனைத் தாண்டினால் இந்த மழையில் காயாது, மூன்றாம் நாள் பூசண வாடை வரும். சமைத்து இறக்கிய வாணலியின் மிச்சச் சூட்டில் பரப்பி வைத்தால் காய்ந்துவிடும். காய்ந்த வேப்பிலை நாலு போடலாம். அரிசிப் பானையில் போடுவது போல மிளகாய் வற்றல் போடாதீர்கள், அந்தக் கையால்தான் கண்ணைத் தேய்ப்பாள். இது பெரியவளுக்கு மட்டும். சின்னவன் தூங்கும் நேரத்தில்.


பனங்காட்டான்:

எல்லாரும் மாவையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு உடம்பு முழுக்க ஆடணும். நுங்கு வண்டிக்குச் சித்திரை வரைக்கும் காத்திருக்கணும். கொட்டாங்குச்சி எந்த மாசமும் கிடைக்கும்.

கொட்டாங்குச்சி நடைன்னா கவுத்த ஓட்டு மேல ஏறி, அதுல கட்டின கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கறது. செய்யற விதம் இது. நல்லா முத்தின தேங்காயைக் குறுக்கே சரிபாதியா உடைங்க. கண் இருக்கிற பாதிதான் வேணும், அதனால ரெண்டு தேங்காய் ஆகும். ரெண்டும் ஒரே உயரமான்னு தரையில கவுத்துப் பாருங்க, இல்லைன்னா நொண்டி நடப்பா. மூணு கண்ல ஒண்ணுதான் மென்மையா இருக்கும், அதுல ஆணியை வச்சு மெதுவா திருகினா துளை விழும். சுத்தியலால அடிச்சா கண்ணுலேர்ந்து விளிம்பு வரைக்கும் கீறல் ஓடும். அந்த ஓடு கால் வச்சதும் பிளக்கும், தூக்கிப் போட்டுடுங்க. விளிம்பை 80 நம்பர் உப்புத்தாளால தேய்ச்சு, பிறகு 220. நார் கொஞ்சமும் நிக்கக் கூடாது.

கயிறு பருத்தி நூல் கயிறா இருக்கணும், நைலான் விரலிடுக்கை அறுக்கும். பிள்ளை ஓட்டு மேல ஏறி நின்னா கை தொங்கற உயரம் எவ்வளவோ, அதுக்கு மேல ஒரு சாண். 105 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு எழுபது, எழுபத்தஞ்சு போதும். கயித்தை மேலேர்ந்து உள்ள விட்டு, உள்பக்கம் சுண்டுவிரல் நீளக் குச்சியில கட்டுங்க. வெறும் முடிச்சு துளை வழியா உருவிக்கிட்டு வந்துடும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல கயிறு, செருப்பு வார் மாதிரி. மண் தரையில மட்டும். டைல்ஸ்ல வழுக்கும், சைக்கிள் டியூபை வெட்டி விளிம்புல ஒட்டினாலும் ஈரத்துல வழுக்கத்தான் செய்யும். ஆடி முடிஞ்சதும் கயித்தைச் சுருட்டி ஆணியில மாட்டுங்க, சின்னவன் கழுத்துல போட்டுக்குவான்.

அதே ஓட்டுல கண் இல்லாத பாதி இருக்குல்ல, அதை மழமழன்னு தேய்ச்சு உப்புப் போடாத தண்ணியில கொதிக்க வச்சா சின்னவனுக்கு மொள்ளக் கொட்டச் சட்டி. ரெண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டினா குதிரை ஓட்டம்.


வாசற்படி:

பனங்காட்டான் அண்ணே, பழைய விளையாட்டுன்னதும் பல்லாங்குழி நினைவு வந்தது. விதை பொறுக்கற வழக்கம் உள்ள வீடுன்னா ஒண்ணு சொல்லணும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை, சோழி போதும். பதினாலு குழி, குழிக்கு அஞ்சுன்னா எழுபது. குண்டுமணி மட்டும் வேண்டாம். சிவப்புல கறுப்புப் பொட்டு இருந்தா அது குண்டுமணி, கொடிய நஞ்சு. தோல் உடைஞ்சு, இல்லைன்னா கடிச்சு உள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பா, தட்டையா இருக்கறது மஞ்சாடி. ரெண்டையும் கலந்து விக்கிறாங்க. ஆமணக்கு, காட்டாமணக்கு, மஞ்சள் அரளிக்காய் மூணும் வீட்டுக்குள்ளயே வரக் கூடாது. அரளிக்காயை வச்சு விளையாடற பழக்கம் இன்னும் இருக்கு, அதனால சொல்றேன்.

முட்டை அட்டையில பல்லாங்குழி செய்யலாம்னு வீடியோ போடறாங்க. வழக்கமா வர்ற முப்பது முட்டை அட்டையில நீள வரிசைக்கு ஆறு குழிதான், ஏழாவதுக்கு வெட்டி ஒட்டணும். எச்சம் காய்ஞ்சு ஒட்டின அட்டையைக் கழுவவும் முடியாது. மண்ணுல குழி தோண்டறதே மேல்.


நெய்தல்வீடு:

எல்லாருக்கும் நன்றி. மூடியின் உள்பக்கம் பார்த்தேன், துளி இருக்கிறது, மாவும் நறநறக்கிறது. ஆக இரண்டு தப்பும் என் மேல்தான். ஜவ்வரிசி நாளைக்கு. இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். தண்ணீர் பாட்டிலில் ஜிகினாத்தூள் போட்டுக் குலுக்கிக் கொடுக்கும் பொம்மை செய்தேன். தூள் எல்லாம் மேலேயே மிதக்கிறது, நான்காம் நாள் தண்ணீர் நாறுகிறது. எண்ணெயும் தண்ணீருமாக ஊற்றிய இன்னொரு பாட்டிலின் மூடியைப் பசை போட்டு ஒட்டினேன், அதுவும் கழன்றுவிட்டது.


மாவுக்கணக்கு:

தூள் மிதப்பது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையால். பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டே சொட்டு விடுங்கள், உடனே இறங்கும். அதிகமானால் பாட்டில் முழுக்க நுரைதான் தெரியும். மெதுவாக இறங்க வேண்டுமென்றால் மருந்துக்கடை கிளிசரின்: மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள், பாட்டிலையும் கழுவிக் காய வையுங்கள். பூ, இலை, பீட்ரூட் சாறு எதுவும் இதில் போடக் கூடாது, அவைதான் நாறுகின்றன. இங்கே மட்டும் கடைச் சாயம், ஒரு சொட்டு.

எண்ணெய் பாட்டிலில் மூடி கழன்றது, மரையில் எண்ணெய் படிந்ததால். எந்தப் பசையும் எண்ணெய்மேல் நிற்காது. புனல் வைத்து ஊற்றி, மரையைச் சோப்புத் துணியால் துடைத்து, உலர்ந்தபின் இரண்டு களிம்பைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பசையை மூடியின் உள்மரையில் தடவித் திருகுங்கள். ஒரு முழு நாள் நிமிர்த்தி வைத்து, அடுத்த நாள் தலைகீழாகக் காகிதத்தின் மேல் நிறுத்துங்கள். காகிதத்தில் கறை விழாவிட்டால் கொடுக்கலாம். மேலே இரண்டு விரல் கனம் காற்றுக்கு விட்டால்தான் உள்ளே அசைவு இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழி விடியலில் வெள்ளைக் கட்டியாக நிற்கும். நல்லெண்ணெய் அந்தக் குளிரிலும் உறையாது.

உள்ளே மணி, பொத்தான் எதையும் போடாதீர்கள், பாட்டில் ஒருநாள் பிளக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் 4.5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு அட்டைக் குழாய் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற பொருள் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. வாரம் ஒருமுறை பாட்டிலின் அடி மூலையை விரலால் அழுத்துங்கள். வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் பிளாஸ்டிக் களைத்துவிட்டது, வேறு மாற்றுங்கள்.


திண்ணை:

சின்னவன் கையில் அரை லிட்டர் பாட்டில் கனம், காலில் போட்டுக்கொள்வான். 200 மில்லி போதும்.